கோட்டையின் மேல் ஒரு கோயில்

கெய்ரோ மெட்ரோவின் முதல் தடத்தில் ஹெல்வான் பக்கம் போகும் ரயிலில் ஏறி மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கினால், சாலைக்கு அந்தப் பக்கமே ரோமானியக் கோட்டை. கல் வரிசையும் செங்கல் வரிசையும் மாறி மாறி வைத்துக் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று பாதி இடிந்து, உள்பக்கம் தெரியத் திறந்து கிடக்கிறது. அதன் அடித்தளம் இன்றைய தெருமட்டத்துக்கு வெகு கீழே. நைல் ஒருகாலத்தில் இந்தச் சுவரைத் தொட்டு ஓடியது. இப்போது சில நூறு மீட்டர் மேற்கே தள்ளிப் போய்விட்டது. பேரரசர் டிராஜன் நைலிலிருந்து செங்கடலுக்கு வெட்டிய கால்வாயின் வாய் இங்கேதான் இருந்தது. கி.பி. 300 வாக்கில் டயோக்ளீஷியன் அந்த வாயின் இரு கரையிலும் கோபுரம் எழுப்பிக் கோட்டை கட்டினார். பாபிலோன் என்று அதற்குப் பெயர். இராக்கிலுள்ள பாபிலோனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இடிந்த கோபுரத்தின் ஜோடியும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேல் கிரேக்க ஆர்தடாக்ஸ் சபையார் வட்ட வடிவிலேயே புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் தெற்கே, கோட்டை வாசலின் தலைமேல் அமர்ந்திருப்பது காப்டிக் கிறிஸ்தவர்களின் ‘அல்-முஅல்லகா’, அதாவது தொங்கும் தேவாலயம். கி.பி. 451இல் கால்சிடனில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் பிரிந்துபோன இரு தரப்பும் இப்படி ஒரே கோட்டைமேல் குடித்தனம் நடத்துகின்றன.

தொங்கும் தேவாலயத்துக்கு 29 படி ஏற வேண்டும். உள்ளே மரக்கூரை கவிழ்த்த படகுபோல் வளைந்திருக்கிறது. தரையில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் பல அடி ஆழத்தில் கோட்டையின் வாசல் வழி. பனைமரத் தண்டுகளையும் கல்லையும் குறுக்கே போட்டு, ரோமானியச் சிப்பாய் நடந்த வழிக்கு மேலே கோயில் நடுக்கூடத்தைத் தாங்கவைத்திருக்கிறார்கள். வெளியே சிலுவையும் பதக்கமும் விற்கும் கடையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அம்ஷீர் மாதம், ஆண்டு 1741. பில் போட்ட பெண்ணின் வலது மணிக்கட்டில் சின்னதாய்ப் பச்சை குத்திய சிலுவை. ஆண்டைக் காட்டிக் கேட்டதும், “தியாகிகளின் ஆண்டு” என்றாள்.

இந்த நாட்காட்டியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தூத், பாபா, ஹாத்தூர் என்று போகும் மாதங்கள் பாரோக்கள் காலத்தவை. தூத் என்பது எழுத்தின் தெய்வமான தோத். நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டும் ஏற்பாடு ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் எகிப்தின் மேல் சுமத்தியது. ஆண்டுக் கணக்கோ கி.பி. 284 ஆகஸ்ட் 29இல் தொடங்குகிறது. டயோக்ளீஷியன் பட்டமேறிய ஆண்டு அது. காலடியில் இருக்கும் கோட்டையைக் கட்டியவர். 303இல் கிறிஸ்தவர்களை ஒழிக்க ஆணை பிறப்பித்தவர். முதலில் வெறும் ‘டயோக்ளீஷியன் ஆண்டு’ என்றுதான் எழுதினார்கள். பின்னால் அதையே தியாகிகளின் ஆண்டாக்கிக்கொண்டார்கள். கொன்றவனின் கணக்கை அழிக்காமல் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். இன்றும் எகிப்திய விவசாயி, முஸ்லிமானாலும், விதைப்புக்கும் காற்றுக்கும் இந்த மாதப் பெயர்களைத்தான் சொல்கிறார். அம்ஷீர் என்றால் புழுதிக்காற்று.

வழிகாட்டிகள் சொல்லும் கதை நேர்க்கோடு: காப்டிக் மக்கள் பாரோக்களின் பிள்ளைகள், கிரேக்கனும் ரோமானியனும் ஒடுக்கினார்கள், கிறிஸ்துவம் மீட்டது. அலெக்சாண்டர் வந்த கி.மு. 332இலிருந்து அரபுப் படையிடம் இந்தக் கோட்டை விழுந்த கி.பி. 641 வரை ஏறக்குறைய 970 ஆண்டுகள் எகிப்தின் அரசு மொழி கிரேக்கம். ரோம் ஆண்ட காலத்திலும் அதுதான். ஒடுக்குமுறை பொய்யில்லை, ஆனால் கதை அத்தனை நேராக இல்லை. ஆண்டவர்கள் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் எடுத்துத் தன் வீட்டுக்குக் கல்லாக்கிக்கொண்ட ஒரு சமூகத்தைத்தான் நான் போன இடமெல்லாம் பார்த்தேன். எகிப்தியர் என்பதற்கான கிரேக்கச் சொல் அரபியில் ‘கிப்த்’ ஆகி, அதுவே இவர்கள் பெயராகவும் நின்றுவிட்டது.

கோட்டை வளாகத்துக்குள்ளேயே காப்டிக் அருங்காட்சியகம். 1908இல் மார்கஸ் சிமைக்கா நிறுவியது. அஹ்னாஸ் ஊரில் கிடைத்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் அப்ரோடைட்டி சிப்பிக்குள் சாய்ந்திருக்கிறாள். நான் அதிகம் நின்றது நாக் ஹமாதி ஏடுகளிடம். 1945இல் மேல் எகிப்தில் ஒரு ஜாடிக்குள் கிடைத்த 13 தோலட்டைப் புத்தகங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தோமாவின் நற்செய்தி இவற்றில் இருப்பதால் உலகப் புகழ். எனக்கு அதைவிடச் சுவையானது, ஆறாவது புத்தகத்தில் பிளேட்டோவின் குடியரசிலிருந்து ஒரு துண்டு காப்டிக் மொழியில் இருக்கிறது என்பது. மொழிபெயர்ப்பு சுமார்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். நைல் கரையில் யாரோ ஒருவர் பிளேட்டோவோடு தன் மொழியில் மல்லுக்கட்டியிருக்கிறார். அட்டைகளைத் தடிப்பாக்க உள்ளே திணித்த பழைய பாப்பிரஸ் துண்டுகளில் கொடுக்கல் வாங்கல் பத்திரங்கள் இருந்தன. அவற்றில் 340களின் தேதி இருந்ததால்தான் புத்தகத்தின் வயதும் தெரிந்தது.

அங்கிருந்து தெற்கே, லக்சருக்கு ரயில். ஜன்னலுக்கு ஒருபக்கம் கரும்பும் பெர்சீம் தீவனமும், மறுபக்கம் கொஞ்சதூரத்திலேயே மஞ்சள் குன்று. எகிப்து எத்தனை ஒடுக்கமான நாடு என்பது ரயிலில்தான் தெரியும். தப்பி ஓட நினைப்பவனுக்கு ஒரு நாள் நடை போதும். வயலைத் தாண்டினால் பாலைவனம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லக்சருக்கு முன்னால் கிஃப்த் என்ற ஊர் வரும். பழைய கோப்டோஸ். செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் மையோஸ் ஹோர்மோஸிலும் இறங்கிய மிளகும் முத்தும் ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து இங்கே வந்து, நைல் படகில் ஏறி அலெக்சாந்திரியா போயின. முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையிலான கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் மிஞ்சி இன்று வியன்னாவில் இருக்கிறது. சரக்கின் மதிப்பில் கால் பங்கு வரி என்பது அதில் தெரிகிறது. மையோஸ் ஹோர்மோஸ் இருந்த குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. உறியில் தொங்கவிட்ட பானையைக் குறிக்கும் ‘பானை ஒறி’ என்று இன்னொரு ஓடு. நம் ஆட்கள் பார்த்த எகிப்து இந்தக் கால் பங்கு வரிக்காரர்களின் எகிப்துதான். கி.பி. 293 வாக்கில் கோப்டோஸ் கலகம் செய்தபோது டயோக்ளீஷியனின் துணையரசர் கலேரியஸ் நகரை இடித்துத் தள்ளினார். ரயில் இரண்டு நிமிடம் நின்றது. எள் ரொட்டி விற்கும் பையன் ஒருவன் ஏறினான்.

லக்சரிலிருந்து இன்னும் தெற்கே எட்ஃபு. எகிப்தில் நன்றாகத் தப்பிய கோயில் இதுதான். ஹோரஸின் பருந்துச் சிலை, வானளாவிய வாயிற்சுவர், எங்கும் சித்திர எழுத்து. பாரோக்கள் காலத்தது என்று எவரும் நம்பிவிடுவார். ஆனால் கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடித்தது, முழுக்கத் தாலமிகள் காலம். கிரேக்க மொழி பேசிய அரசர்கள் எகிப்தியப் பூசாரிகளுக்குக் கோயில் கட்டிக்கொடுத்து, பாரோ வேடத்தில் சுவரில் நின்றுகொண்டார்கள். வேலை நடுவில் இருபது ஆண்டு நின்றுபோனதாகக் கோயிலின் கல்வெட்டே சொல்கிறது. காரணம் கலகம்.

அந்தக் கலகத்துக்கு விதை ஒரு வெற்றி. கி.மு. 217இல் ராஃபியா போரில் சிரியாவின் அந்தியோக்கஸை எதிர்க்க ஆள் போதாமல், நான்காம் தாலமி எகிப்திய விவசாயிகளுக்கு ஈட்டிப் பயிற்சி கொடுத்து 20,000 பேரை நிறுத்தினார். வென்றார்கள். வென்ற கையோடு, இவர்களுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. கி.மு. 206இலிருந்து 186 வரை தெற்கு எகிப்து தனியரசு. ஹோர்வென்னெஃபர், அவருக்குப் பின் அங்வென்னெஃபர் என்று தீப்ஸில், அதாவது இன்றைய லக்சரில், சொந்தப் பாரோக்கள். அதன் நடுவில், கி.மு. 196இல் வெட்டியதுதான் ரொசெட்டா கல். சித்திர எழுத்தைப் படிக்க உதவிய கல் என்றே அதை நாம் அறிவோம். அதில் எழுதியிருப்பதோ வரித் தள்ளுபடி, கோயில் சலுகை, வடக்கே ஒரு கலக ஊரை அடக்கிய பெருமை. பூசாரிகளைத் தன் பக்கம் இழுக்க ஒரு சிறுவயது அரசன் கொடுத்த விலைப்பட்டியல் அது.

ரோம் வந்தது கி.மு. 30இல். தாலமிகள் பூசாரியைக் கெஞ்சினார்கள்; ரோம் பூசாரியைக் கணக்கெழுத வைத்தது. கோயில் நிலம் அரசின் பிடிக்குள் போனது. 14 ஆண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு. 14 வயது ஆனதிலிருந்து அறுபதைத் தாண்டும்வரை ஆண்களுக்குத் தலைவரி. ரோமானியக் குடிமகனுக்கும் அலெக்சாந்திரியக் குடிமகனுக்கும் இல்லை, நகரத்தானுக்குக் குறைவு, கிராமத்து எகிப்தியனுக்கு முழுசு. கோதுமையோ ரோமுக்கு. பஞ்சம் வந்தால் ரோம் கலங்கும் என்பதால், செனட்டர்கள் அனுமதியின்றி எகிப்தில் கால்வைக்கக் கூடாது என்று அகஸ்டஸ் தடையே போட்டார். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ ஒரு வரி வசூலிப்பவனைப் பற்றி எழுதியிருக்கிறார்: வரி கட்ட முடியாதவர்கள் ஓடிப்போனதும், அவர்கள் மனைவி, பிள்ளை, பெற்றோர்களைப் பிடித்து அடித்தானாம், ஊர்களே காலியாயினவாம்.

லக்சர் கோயிலில் மாலை வெளிச்சத்தில் எல்லோரும் ராம்செஸின் சிலைகளைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே ஓர் அறையை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். கி.பி. 300 வாக்கில் ரோமானியப் படை இந்தக் கோயிலையே முகாமாக்கியது. பழைய சிற்பங்களின்மேல் சுண்ணம் பூசி, மாடத்தில் டயோக்ளீஷியனையும் அவரோடு சேர்ந்து ஆண்ட அரசர்களையும் வண்ணத்தில் தீட்டினார்கள். சுண்ணம் உதிர்ந்த இடங்களில் அமுன் தெய்வம் கீழேயிருந்து எட்டிப் பார்க்கிறார். பின்னால் இதே வளாகத்துக்குள் தேவாலயங்கள் வந்தன. ஒன்றின் மேல் இப்போது அபூ ஹக்காக் மசூதி, தொழுகை நடக்கிறது.

இந்த ஊரோடு சேர்ந்த ஒருவர்தான் பகோமியஸ். கிராமத்து இளைஞன், கிறிஸ்தவன் அல்ல. 312 வாக்கில் ரோமானியப் படைக்குக் கட்டாயமாகப் பிடித்துப் படகில் ஏற்றி வந்து தீப்ஸில் பூட்டிவைத்தார்கள் என்கிறது அவரது காப்டிக் வரலாறு. இரவில் யாரோ முன்பின் அறியாதவர்கள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டபோது கிறிஸ்தவர்கள் என்றார்கள். படையிலிருந்து விடுபட்டதும் ஞானஸ்நானம் பெற்று, 320களில் தபென்னீசியில் முதல் கூட்டுத் துறவிமடத்தை அமைத்தார். மதிற்சுவர், ஒற்றை வாசல், வீடுவீடாகப் பிரிவு, ஒவ்வொரு வீட்டுக்கும் தலைவர். பட்டாளம் பார்த்த மனிதர் போட்ட வரைபடம் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் விதிகளில் ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும்: எழுத்தறியாமல் மடத்துக்கு வருபவர், மனமில்லாவிட்டாலும் படிக்கக் கற்றே ஆக வேண்டும்.

படிக்க எழுத்து இருந்தது என்பதுதான் செய்தி. எகிப்திய மொழியை எழுதிவந்த பழைய டெமோட்டிக் எழுத்து கோயிலுக்குள் சுருங்கி, ரோமின் இறுக்கத்தில் கோயிலோடு சேர்ந்து நலிந்தது. கிராமத்து மொழியை எழுத ஆளில்லை. அந்த இடத்தில் கிரேக்க எழுத்து இருபத்துநான்கையும் எடுத்து, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமோட்டிக்கிலிருந்து ஆறேழு குறிகளைச் சேர்த்துக் காப்டிக் எழுத்தை உருவாக்கினார்கள். உயிரெழுத்தே எழுதாத மொழிக்கு முதல்முறையாக உயிரெழுத்து கிடைத்தது. பூசாரி வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கற்றதை, வண்டிக்காரன் மகன் சில மாதங்களில் கற்கலாம் என்றானது.

அலெக்சாந்திரியா இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம். தன்னை ‘எகிப்தில்’ உள்ள நகரமாக அது எண்ணிக்கொள்ளவில்லை. எகிப்தை ஒட்டியுள்ள நகரம் என்பதே அதன் நினைப்பு. கடற்கரைச் சாலையில் காற்று முகத்தில் உப்பு பூசுகிறது, கஃபேக்களில் கண்ணாடி முழுக்க ஈரம். நகரின் உள்பக்கம், கார் பட்டறைகளுக்கு நடுவே, பாம்பியின் தூண் என்று தவறாகப் பெயர் வாங்கிய அஸ்வான் கருஞ்சிவப்புக் கல் தூண் ஏறக்குறைய 27 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பாம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 297–98இல் கலகம் செய்த அலெக்சாந்திரியாவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த டயோக்ளீஷியனுக்கு நகரம் எழுப்பிய தூண். குதிரையின் முழங்கால் வரை ரத்தம் ஏறும்வரை கொல்லச் சொன்னாராம்; குதிரை தடுக்கி மண்டியிட்டது, முழங்கால் நனைந்தது, கொலை நின்றது, நன்றிக்கடனாக நகரத்தார் குதிரைக்கே சிலை வைத்தார்கள் என்று ஒரு கதை. அலெக்சாந்திரியர்களின் நக்கல் உலகறிந்தது. கதை பொய்யாகவே இருந்தாலும் நகரத்துக்குப் பொருந்துகிறது.

பக்கத்தில் கோம் அல்-ஷுகாஃபா நிலவறைக் கல்லறைகள், இரண்டாம் நூற்றாண்டு. வாசலில் நரித்தலை அனூபிஸ் ரோமானியச் சிப்பாயின் மார்க்கவசம் போட்டுக்கொண்டு காவல் நிற்கிறார். கிரேக்கர், எகிப்தியர் என்று கத்தியால் வெட்டியதுபோல் பிரிப்பவர்கள் இந்த ஒரு சிற்பத்தின்முன் பத்து நிமிடம் நிற்கலாம்.

சட்டமோ வெட்டித்தான் பிரித்தது. ஜெர்மனியின் கீசன் நகரில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. அதன் ஒரு பத்தியில் பேரரசர் கரகல்லா 212இல் பேரரசு முழுவதும் குடியுரிமை வழங்கிய புகழ்பெற்ற ஆணை. அடுத்த பத்தியில் அதே கரகல்லா 215இல் போட்ட ஆணை: அலெக்சாந்திரியாவிலுள்ள எகிப்தியர் எல்லோரையும், முக்கியமாக ஊரைவிட்டு ஓடிவந்த கிராமத்தாரை, வெளியேற்றுங்கள். பன்றி வியாபாரிகள், படகோட்டிகள், குளியல் மண்டபங்களைச் சூடாக்க நாணல் கொண்டுவருபவர்கள் மட்டும் இருக்கலாம். பேச்சையும் தோற்றத்தையும் வைத்து உண்மையான எகிப்தியனைக் கண்டுபிடித்துவிடலாமாம். குடியுரிமையும் விரட்டலும் ஒரே தாளில்! நாணல்காரனுக்கு விலக்கு கொடுத்த காரணம் புரிகிறது. இல்லையென்றால் வெந்நீர் யார் தருவது?

இந்தக் கிரேக்க நகரத்திலிருந்துதான் கிறிஸ்துவம் எகிப்துக்குள் போனது. நற்செய்தியாளர் மாற்கு கொண்டுவந்தார் என்பது மரபு. காப்டிக் பாப்பரசர் இன்றும் மாற்குவின் ஆசனத்தில் அமர்பவர். கிளெமென்ட், ஓரிஜென் போன்ற தொடக்க கால அறிஞர்கள் எழுதியது கிரேக்கம். 250இல் பேரரசர் டீசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றபோது அது கிராமம்வரை போனது. எகிப்து மணலில் அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. ‘எப்போதும் பலியிட்டேன், இப்போதும் உங்கள் முன் பலியிட்டு உண்டேன்’ என்கிற பாணியில் வாக்குமூலம், கீழே அதிகாரியின் கையெழுத்து. ஒன்று ஃபயூம் வட்டாரத்தில் முதலைத் தெய்வம் பெதெசூகோஸின் பூசாரியம்மா அவுரேலியா அம்மோனூஸ் வாங்கியது. முதலைச்சாமியின் பூசாரியே தான் கிறிஸ்தவளல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அலுவலகங்கள் என்றுமே அலுவலகங்கள்தான்.

303க்குப் பிறகு வந்த டயோக்ளீஷியனின் ஒடுக்குமுறையில் சிரிக்க ஒன்றுமில்லை. எகிப்தில் அது இடைவிட்டு இடைவிட்டுப் பத்தாண்டு நீண்டது. தீப்ஸைச் சுற்றிய தெபாயித் வட்டாரத்தில் ஒரே நாளில் பத்து, இருபது, சில நேரம் நூறு பேர் வரை கொல்லப்பட்டதையும் கோடாலிகள் மழுங்கியதையும் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் நேரில் பார்த்து எழுதினார். 311இல் அலெக்சாந்திரியா ஆயர் பேதுருவும் பலியானார்.

அலெக்சாந்திரியாவிலிருந்து பாலைவன நெடுஞ்சாலையில் கெய்ரோ திரும்பும் வழியில்தான் வாதி நத்ரூன். பாரோக்களின் பிணங்களைப் பதப்படுத்த உப்பு எடுத்த பள்ளம். இன்று நான்கு மடங்கள். “இறங்கிப் பாருங்கள், பாஷா, நான் தூங்குகிறேன்” என்றார் ஓட்டுநர். வரிக்குப் பயந்து நாட்டுப்புறத்தான் ஓடிய அதே பாலைவனத்துக்குள் நான்காம் நூற்றாண்டில் துறவிகள் ஓடினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி அந்தோனியார், மத்திய எகிப்தின் பணக்கார விவசாயி மகன். 300 அரூரா, அதாவது சுமார் 200 ஏக்கர் நல்ல நிலத்தை ஊராருக்கே கொடுத்துவிட்டுப் போனார். தன்னையும் தங்கையையும் யாரும் தொந்தரவு செய்யாதிருக்க என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியஸ். நிலம் இருந்தால் வரியும் ஊர்ப்பொறுப்பும் பின்னாலேயே வரும் என்பதை அறிந்த வாசகருக்கு அந்த வாக்கியம் பக்தியைவிட அதிகம் சொல்லும். அந்தோனியாருக்குக் கிரேக்கம் தெரியாது. தத்துவம் பேச வந்தவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினார்.

அத்தனாசியஸ் 45 ஆண்டு அலெக்சாந்திரியா ஆயராக இருந்தவர், அதில் 17 ஆண்டு நாடுகடத்தல். கிரேக்கத்தில் எழுதிய இந்த நகரத்து ஆயர் பேரரசின் படை தேடியபோது ஒளிந்தது எகிப்திய மொழி பேசிய துறவிகளிடம். காப்டிக் திருச்சபை என்று பின்னால் நாம் அறிவது அந்த ஒளிவிடத்தில் ஒட்டிக்கொண்டதுதான் என்பது என் எண்ணம். 451இல் கால்சிடனில் ஆயர் தியோஸ்கோரஸைப் பதவி நீக்கி நாடுகடத்தியபோது, நாட்டுப்புறம் பேரரசரின் ஆயரை ஏற்க மறுத்துவிட்டது. இறையியல் சண்டை உண்மையானதுதான். அதற்கு வெறும் இனச்சண்டை என்று பெயர் வைப்பவர்கள் அந்தத் துறவிகளை அவமதிக்கிறார்கள். பின்னொரு காலத்தில் சதாத் அரசு 1981இல் பாப்பரசர் மூன்றாம் ஷெனூதாவை ஒதுக்கிவைத்ததும் இங்கேதான், அன்பா பிஷோய் மடத்தில். அவர் கல்லறையும் இங்கேயே இருக்கிறது.

அங்கே விடியற்காலைக் குத்தாஸ் வழிபாட்டுக்கு இருந்தேன். வாசகம் அரபியில், பாட்டு காப்டிக்கில். ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொல்லும் திருத்தொண்டரின் குரல் மட்டும் கிரேக்கத்தில் வந்தது. கிரேக்கர்களோடு உறவு முறிந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த வரிகளை யாரும் எடுக்கவில்லை. முடிந்ததும் குர்பான் ரொட்டி விநியோகம். வட்ட ரொட்டியின் நடுவில் சிலுவைகள், விளிம்பைச் சுற்றி அச்சு எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று ரொட்டி சுடும் இளம் துறவியிடம் கேட்டேன்.

“பரிசுத்த இறைவன், பரிசுத்த வல்லவர், பரிசுத்த நித்தியர்” என்றார்.

“காப்டிக்கா, அபூனா?”

“எழுத்து எங்களுடையது. சொல் கிரேக்கம்.” சற்று யோசித்து, “எழுத்தும் அவர்களுடையதுதான் பாதி” என்று சிரித்துவிட்டு, சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்லி இன்னொன்றும் கையில் வைத்தார்.